படிவம் எழுதாத தோள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டேன். அம்மாவின் உடம்பைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் அம்மா போனைப் பிடுங்கி, கம்பளி வாங்கினாயா, சளி விட்டதா என்று ஆரம்பித்துவிட்டாள். உன் கடைசித் தேர்வு முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால்தான் கிளினிக்கில் உட்கார்ந்து, திருட்டுத்தனமாக எழுதுகிறேன்.

கிளினிக்கில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கைரோபிராக்டர் என்றால் முதுகெலும்பை நெட்டி முறிக்கிறவன் என்றே வருகிறவர்கள் நினைக்கிறார்கள். தோள், முழங்கால், கணுக்கால், தாடை எல்லாவற்றையும் பார்ப்பேன் என்று இன்னும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் தபால்காரர் முழங்கால் வலி என்று வந்தார். நான் இடுப்பு மூட்டில் கை வைத்ததும், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே என்று சிரித்தார். இரண்டு வாரத்தில் படியேறிப் போய்க் கடிதம் கொடுக்கிறார். வலிக்கிற இடம் வேறு, வலியின் வேர் வேறு என்று நான் எல்லோருக்கும் நடத்தும் பாடத்தை, என் குரலிலேயே நீ நடித்துக் காட்டுவாய். ஊருக்குத்தான் உபதேசம்.

முன்மேசையில் அம்மாவின் ராஜ்ஜியம் உனக்குத் தெரியும். படிவம் நிரப்பாத ஒரு ஆளையும் என் அறைக்குள் விடமாட்டாள். அசையாமல் இருக்கும்போதும் வலிக்கிறதா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, இருமல் உண்டா என்று எட்டுக் கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' என்று வந்தாலும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் நான் கை வைப்பதில்லை. உன் பெரியப்பா கணுக்கால் சுளுக்கி நொண்டிக்கொண்டு வந்தபோதுகூட, சொந்தபந்தமெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பேனாவை நீட்டினாள்.

அவளுக்கு வலது தோள் வலித்தது. மேல் அலமாரியிலிருந்து கோப்பு எடுக்கும்போது சுருக்கென்றது என்றாள். தோள் இறுக ஆரம்பிக்கிறது, அந்த வயதில் வருவதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அடுப்பில் சோறு கொதிக்கும், அவள் சமையலறை முக்காலியில் உட்காருவாள், நான் பின்னால் நின்று தோள்பட்டையையும் கழுத்தெலும்பு மூட்டையும் இளக்கிவிடுவேன். ஒரு சொடக்கு கேட்கும். அப்பாடா என்பாள். இரண்டு நாள் வலி இருக்காது. எனக்கு அதில் பெருமை வேறு. இப்படியே மூன்று மாதம். படிவம் இல்லை, படம் இல்லை, எட்டுக் கேள்வியில் ஒன்றுகூட அவளிடம் கேட்கவில்லை. பெண்டாட்டியிடம் போய்ப் படிவம் நீட்டுவார்களா?

இருமினாள். பழைய கோப்பின் தூசி என்றேன். மோதிரம் விரலில் நிற்கவில்லை என்றாள். கல்யாணத்தன்று இருந்த அளவுக்கு வந்துவிட்டாய், இன்னொரு தடவை பெண் பார்க்க வரட்டுமா என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள்.

நாம் ஆட்களை அனுப்பும் எக்ஸ்ரே சென்டர் தம்பி, தன் முழங்காலைக் காட்டக் கிளினிக்குக்கு வந்தார். அம்மா இடது கையால் பேனா பிடிப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அக்காவுக்கு நாம எப்ப சார் படம் எடுத்தோம்? எனக்கு ஞாபகமே இல்லையே."

மறுநாள் எடுத்தோம். வழக்கமாகப் படத்தை ஜன்னல் வழியே நீட்டுகிறவர், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றார். தோள் மூட்டில் ஒரு குறையும் இல்லை, வாலு. படத்தின் ஓரத்தில், நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு கட்டி. பக்கத்து விலா எலும்பை அரித்திருந்தது. புற்றுநோய். அந்த இடத்தில் வந்தால் முதலில் தோள்தான் வலிக்கும் என்று நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவிடமே படிவத்தைக் கொடுத்தார்கள். மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தவள், வலி தொடங்கிய நாள் என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். தபால்காரர் என்றைக்கு வந்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இவளுக்கு என்னிடம் தேதி இல்லை. 'ஞாபகம் இல்லை' என்று அவளே எழுதினாள்.

அங்கிருந்த டாக்டரம்மாவிடம், மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். அதை இப்போது சொல்ல முடியாது என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அறுவை சிகிச்சைக்கு இனி வழியில்லையாம். மருந்து ஏறுகிறது. எலும்பு நொறுங்கலாம், அந்தப் பக்கம் அழுத்தவோ இழுக்கவோ கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்கு அம்மா, "இவர் கை வைக்கலைன்னா அந்த மூணு மாசமும் நான் தூங்கியே இருக்கமாட்டேன் டாக்டர்" என்று எனக்காகச் சண்டைக்கு நின்றாள்.

இப்போதும் சாயங்காலம் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். அமுக்க வேண்டாம், சும்மா வைத்தால் போதும் என்கிறாள். வைக்கிறேன். முப்பது வருஷம் எத்தனையோ பேரின் மூட்டைத் தொட்டவன், எங்கே தொடுவது என்று தெரியாமல் நிற்கிறேன். கிளினிக்கிலும் வருகிறவர்களை ஒரு கேள்விக்கு நாலு கேள்வி கேட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பிவிடுகிறேன். சுண்டுவிரல் சுளுக்குக்குக்கூட. தொடவே பயமாக இருக்கிறது.

எவ்வளவு காலம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. மகள் வெளியூரிலா, சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். தேர்வு அடுத்த வருஷமும் வரும், கண்ணு. கிளம்பி வா. நான் எழுதித்தான் வந்தாய் என்று தெரிந்தால் அம்மா என்னைத் திட்டுவாள், திட்டட்டும்.

உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டும். என்ன கேட்க வேண்டுமோ எல்லாவற்றையும் ரயிலடியிலேயே என்னைக் கேட்டுவிடு, எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன். வீட்டுக்குள் வந்து அவள் முன்னால் மட்டும் என்னை ஒன்றும் சொல்லிவிடாதே. எனக்காக உன்னிடம் பரிந்து பேசுவாள், நிறுத்தமாட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கும்.

பத்திரமாக வந்து சேர்.

உன்
அப்பா