அழகுமுத்து உட்கார்ந்த தண்ணீர்

3 மார்ச் 2024, ஞாயிறு, தலவாக்கலை

இத்தனை வருடம் வாய்மூடி இருந்தது போதும்.

நேற்று தரணிதரன் மாஸ்டருக்குப் பொன்னாடை. ஊனமுற்ற பிள்ளைகளை நீச்சல் வீரர்களாக்கிய மகானாம். பாராலிம்பிக் வரை நீந்திய எனக்குக் கடைசி வரிசை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கிருப்பது ஒரு கை. நல்லதாய்ப் போயிற்று.

அடுத்த நட்சத்திரம் லிந்துலை பிரேமினி என்றார் மாஸ்டர். 23ஆம் தேதி கொழும்பில் அவளுக்குப் பரிசோதனை. ஊனத்தின் அளவைப் பார்த்து, எந்தப் பிரிவில் நீந்துவது என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

பிறவியிலேயே விறைத்த கால்கள். அன்று என்னோடு நீந்திய அழகுமுத்துவுக்கும் அப்படித்தான்.

4 மார்ச்

குழாயைத் திறந்தால் அவன் பற்கள் தந்தியடிக்கிற சத்தம். இன்றும்.

6 மார்ச்

எழுதிவிடுகிறேன். அவனுடைய பரிசோதனையன்று காலை, கொழும்பு விடுதியில், மாஸ்டர் அவனை ஐஸ் போட்ட தொட்டியில் கழுத்தளவு உட்கார வைத்தார். குளிரில் கால் இன்னும் விறைக்கும். டாக்டர் ஏமாந்து பலவீனமானவர்களின் பிரிவில் போடுவார். அங்கே பதக்கம் சுலபம்.

"தூக்கிருங்க சார், ஒதடு நீலமாயிருச்சு" என்றேன்.

"ஒன் சோலியப் பாரு, ஒத்தக்கையா."

அழகுமுத்து சிரித்தான். "நம்ம பீலித் தண்ணிய விடவா சார்?" மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. குளிர் அவனை என்ன செய்யும் என்று நினைத்தான்.

கேட்ட பிரிவு கிடைத்தது. அடுத்த வாரமே நெஞ்சில் சளி கட்டிச் செத்தான். சாதாரணக் காய்ச்சல் என்றார் மாஸ்டர். இல்லை என்றேன். குழுவிலிருந்து என்னைத் தூக்கினார். அதோடு என் நீச்சல் முடிந்தது.

9 மார்ச்

லிந்துலை போனேன். பிரேமினியின் அம்மா பூரணி, கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க வருவீங்கன்னு மாஸ்டர் சொன்னாருங்கண்ணே. டீம விட்டுத் தூக்குன கடுப்புல பேசுவீங்களாம்."

"ஐஸ்ல உக்காரச் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரு. அதுக்கென்ன? எங்க பீலித் தண்ணிய விடவா?"

அதே வார்த்தை.

உள்ளேயிருந்து பிரேமினி: "மாமா, ஒங்களுக்குத்தான் பதக்கம் கெடைக்கல. எனக்குமா கெடைக்கக்கூடாது?"

கெடைக்கணும்டி. உசிரோட கெடைக்கணும்.

11 மார்ச், திங்கள்

பரிசோதிக்கும் டாக்டர்களுக்கு எழுதினேன். மாஸ்டருக்குச் சொல்லாமல், முந்தின நாள் மாலையே அவளை அழைத்துச் சோதியுங்கள்; ஐஸுக்கு நேரம் கொடுக்காதீர்கள். கீழே கையெழுத்துப் போட்டுப் படித்துப் பார்த்தேன். அத்தனையும் உண்மை. என் பெயர் வருகிற இடத்தில் அத்தனையும் பொறாமையாகிவிடுகிறது.

வேறு தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன். பெயர் போடவில்லை. விடிந்ததும் தபாலில் சேர்த்துவிடுவேன்.