எல்.கே.ஜி. ‘பி’க்கு டைனோசர் வந்த ஜூலை

ஜூலை 7, திங்கள்

இன்று ஒருவழியாக டைனோசரை ஆரம்பித்துவிட்டேன். தலைமையாசிரியை ஞானபாய் மிஸ்ஸிடம் ஒரு வாரம் தொங்கி வாங்கிய அனுமதி. “ஏதாவது வம்பு வந்துச்சுன்னா அன்னிக்கே நிப்பாட்டிரணும் ஜெபசுதா” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வலைக்கடையில் வாங்கிய நைலான் கயிற்றை வாசல் கேட்டிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரை இழுத்து, இவ்வளவு நீளம் என்று காட்டினேன். இருபத்திரண்டு வாயும் திறந்தது திறந்தபடி. பல் வாழைப்பழம் அளவு என்றதும் பெவின் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “ஹென்றி சாரவிடப் பெரிசா மிஸ்?” என்று கேட்டது சந்தனச்செல்வி, முன்வரிசை. “ஹென்றி சாரா! டைனோசார் இருக்காகளே, அவுக முட்டிக்குக்கூட சார் வரமாட்டாக” என்றேன்.

அப்புறம் ஒரே கூச்சல். “ஹென்றி சாரக் கூப்பிடட்டுமா?” என்றதும் கப்சிப். மாடியில் பெரிய வகுப்புகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறவர். பேரைச் சொன்னாலே போதும்.

“நாளையிலருந்து டைனோசார் நம்ம கிளாசுக்கு வாராக, எல்லாரும் சமத்தா வரணும்” என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 8, செவ்வாய்

மைதாவும் உப்பும் பிசைந்து டைனோசர் முட்டை. இந்த ஊரில் உப்புக்கா பஞ்சம்! பிசைந்ததை நக்கிப் பார்க்காத பிள்ளை கிடையாது. சந்தனச்செல்வி வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஜூலை 9, புதன்

இன்றும் வரவில்லை. அவள் பேருக்கு நானே ஒரு முட்டை உருட்டி ஜன்னலில் காயவைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

வந்தாள். கேட் வரைக்கும்தான். கம்பியைப் பிடித்தவள் விடவே இல்லை. அழுத அழுகையில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் அம்மா முத்துமணி இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். “டைனோசாருன்னாலே நடுங்குதா மிஸ். இங்கன வரவே மாட்டேங்கா. நான் எத்தன நாளைக்கு லீவு போட? கம்பெனில வேற ஆள எடுத்துருவாக. அடுத்த வருசம் பாத்துக்கிடுதேன்” என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆயா ஆறுமுகத்தாய் அக்கா வேறு, “அந்தப் பல்லு கதையச் சொல்லியிருக்க வேண்டாம் மிஸ்ஸு” என்றார். ஞானபாய் மிஸ் ஒரே வரியில் முடித்தார்: “அடுத்த வியாழனுக்குள்ள அந்தப் பிள்ள கிளாஸ்ல உக்காரணும். இல்லன்னா டைனோசரக் கட்டி வச்சிரு.”

கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. டைனோசரையும் விடமாட்டேன், அவளையும் விடமாட்டேன். பார்க்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

பல் படத்தை எல்லாம் கழற்றி பீரோவில் போட்டுவிட்டேன். இனி இலை தின்கிறது மட்டும்தான். களிமண்ணில் சிப்பியை அழுத்தி எடுத்தோம் — கல்லில் எலும்பு பதிந்தது இப்படித்தான் என்று சொன்னேன். சிப்பிக்கு நான் அலையவே வேண்டாம், ஆளுக்கொரு டப்பா கொண்டு வந்துவிட்டார்கள். நன்றாகத்தான் போனது. முன்வரிசை இடம்தான் கண்ணை உறுத்தியது.

ஜூலை 14, திங்கள்

பள்ளி விட்டதும் சந்தனச்செல்வி வீட்டுக்குப் போனேன். பையில் காய்ந்த முட்டையும் ஒரு பிளாஸ்டிக் டைனோசரும். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் பொம்மையைத் தரையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து எடுத்தாள். சிலிண்டர் மேலே ஏற்றினாள், வாலைக் கடித்தாள். பயமா? மருந்துக்கும் இல்லை!

“இதப் பாத்தா பயமா இல்லியா?”

“இது பொம்மதான.”

“அப்போ நாளைக்குப் பள்ளிக்கூடம் வாரியா?”

முகம் சுருங்கிவிட்டது. “அந்த சார் இருப்பாங்கல்லா.”

“எந்த சார்?”

“டைனோ சார்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் மிஸ், அது சார்! வாராக, அவுக என்று மரியாதை வேறு கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். “அது சார் இல்லட்டி, மிருகம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“ஹென்றி சாரவிடப் பெரிய சார். ரொம்ப அடிப்பாங்க.”

“ஹென்றி சார் உன்ன அடிச்சாங்களா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“பின்ன, சார் அடிப்பாங்கன்னு யார் சொன்னா?”

“நீங்கதான் மிஸ்.”

அடிப்பார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. கூப்பிடட்டுமா என்று மட்டும்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? பத்து? அதற்கு மேலேயே இருக்கும். நாலு வயசுப் பிள்ளை மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது. டைனோசருக்குப் பல் வைத்தது நானில்லை, அந்த மனுஷனுக்கு வைத்தது நான்தானே? வெட்கமாக இருக்கிறது.

கிளம்பும்போது “வியாழக்கிழமை வந்து பாரு, நீயே சொல்லு, அது சாரா மிருகமான்னு” என்றேன். பொம்மையைத் திருப்பித் தரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஹென்றி சாரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். “அதானா டீச்சர்? படியில என்னக் கண்டதும் சின்னப் பிள்ளைங்கல்லாம் சுவரோட சுவரா ஒட்டிக்கிடும். நம்ம மூஞ்சி அப்படின்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வியாழக்கிழமை வகுப்புக்கு வரமுடியுமா என்றும் கேட்டேன்.

ஜூலை 16, புதன்

பத்து மணிக்குள் மூன்று தடவை அந்தக் ‘கூப்பிடட்டுமா’ நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். இவர்கள் போட்ட சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஜூலை 17, வியாழன்

ஐஸ் முட்டை! டம்ளருக்குள் பிளாஸ்டிக் டைனோசரைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஹென்றி சார் தன் வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்து, மீன் பெட்டியில் தூக்கி வந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஓடினார்கள். அவர் தரையில் உட்கார்ந்து, ஒரு ஐஸை எடுத்து ஊதினார், தேய்த்தார், “எனக்கு வரமாட்டேங்கே” என்று முழித்தார்.

ஒன்பதரைக்கு வாசலில் முத்துமணி. அவள் சேலையைப் பிடித்தபடி சந்தனச்செல்வி, கையில் என் பொம்மை. உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. நான் கூப்பிடவில்லை — கூப்பிட்டால் ஓடிவிடுவாள் என்று பயம். ஹென்றி சார் விரல் சிவக்கத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. வந்து, உருக்குவதற்கு நான் தட்டில் வைத்திருந்த கல்லுப்பை ஒரு கை அள்ளி ஐஸ் மேல் போட்டாள்.

“உப்பு நெறைய போடணும் சார். தேச்சா வராது.”

முத்துமணி கம்பெனிக்கு ஓடினாள். ஐஸ் உருகி வால் வெளியே வந்ததும் சந்தனச்செல்வி என்னைப் பார்த்து, “மிருகம்தான் மிஸ்” என்றாள். நான் கரும்பலகை பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

வந்தாள். முன்வரிசை.

ஜூலை 25, வெள்ளி

நாளை மாதா கோயில் கொடியேற்றம். பிள்ளைகள் தரையில் நிற்கவில்லை. அட்டைப்பெட்டியில் செய்துகொண்டிருந்த நீளக்கழுத்து டைனோசரைத் தூக்கிச் சப்பரம் சுற்றுகிறார்கள். ஆறுமுகத்தாய் அக்காவுக்குத் தாங்கவில்லை. பழக்கதோஷம், கதவில் நின்று ஒரு அதட்டு: “ஏ பிள்ளைகளா! ஹென்றி சாரக் கூப்பிடட்டுமா?”

வகுப்பு அப்படியே நின்றது.

“கூப்பிடுங்க!” — முன்வரிசையிலிருந்து.

அவ்வளவுதான். “கூப்பிடுங்க, கூப்பிடுங்க” என்று இருபத்திரண்டும் குதிக்கிறது. அக்கா என்னைப் பார்க்கிறார், நான் என்ன செய்ய?

“நான் கூட்டிட்டு வாரேன் மிஸ்” என்று சந்தனச்செல்வி அதற்குள் வெளியே ஓடிவிட்டாள். வாசலில் நின்று பார்த்தேன். சுவர்ப் பக்கம் போகாமல், படியின் நட்டநடுவே ஏறிப் போனாள்.