வளைந்த காளான்கள்

மார்ச் 3
ஜீப் நாளைக்குத்தான் என்றார்கள். இன்று மதியமே வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது. தம்பியும் ஜீப் டிரைவரோடு சேர்த்து இன்னும் நாலு பேரும் மலைக்காட்டில் மரக் கணக்கெடுப்புக்குப் போகிறார்கள். நாற்பது நாள், போன் எடுக்காது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் உலர்த்திக் கவரில் ஒட்டியாயிற்று. காளான் மட்டும் ட்ரையரில். இன்னும் நாலு மணி நேரமாவது ஓட வேண்டும். ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தேன். ஒடியவில்லை, வளைந்தது. சூட்டோடு அள்ளிப் போட்டு ஒட்டிவிட்டேன்.

"நல்லா காஞ்சிடுச்சாக்கா?"

"கலகலன்னு இருக்கு, போ."

மிச்சத்தை எங்களுக்கென்று ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டேன்.

மார்ச் 7
கேரட், இரண்டு தட்டு. வீடெல்லாம் இனிப்பு வாசனை.

மார்ச் 11
காளான் பாட்டிலின் உள்பக்கம் வேர்த்திருக்கிறது. அலமாரியை மூடிவிட்டேன்.

மார்ச் 13
திறந்தேன். பச்சைப் பூஞ்சை.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கொட்டிட்டுப் போவியா, இதுக்குப் போய் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற!" என்றார். தம்பிக்குக் கொடுத்ததும் இதே காளான்தான் என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கண்ணில் பட்டால் தூக்கிப் போடுவார்கள். பார்க்காமல் கொதிக்கிற தண்ணீரில் கவிழ்த்தால்?

மார்ச் 14
தம்பியின் ஆபீசுக்கு ஓடினேன். "சாயங்காலம் ஆறு மணிக்குத்தாம்மா ஒயர்லெஸ்ல வருவாங்க. என்ன விஷயம்?" என்றார் கிளார்க்.

"காளானைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க. சரியா காயல."

ஆறு. ஆறரை. ஏழு. வெறும் இரைச்சல்.

மார்ச் 15
கிடைத்தார்கள். முந்தாநாளே சமைத்துவிட்டார்களாம். எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு. தம்பி தேறிவிட்டான். ஜீப் டிரைவருக்கு மட்டும் நிற்கவேயில்லை, நினைவு தப்பித் தப்பி வருகிறதாம். தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். ஜீப்பை நிறுத்திய இடத்துக்கே இரண்டு நாள் நடை.

பதினொன்றாம் தேதியே நான் வாயைத் திறந்திருந்தால்?

மார்ச் 16
இன்னும் வரவில்லை. இன்னும் வரவில்லை.

மார்ச் 17
ஆஸ்பத்திரி. டிரைவர் கண்ணே திறக்கவில்லை. தம்பி என்னை ஓரமாக இழுத்துப் போனான். "ஓடைத் தண்ணின்னு சொல்லியிருக்கேன். டாக்டரும் இருக்கலாம்னுட்டார். நீ எதுவும் உளறி வைக்காத."

தலையாட்டினேன். டிரைவரின் மனைவி நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் என் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

மார்ச் 18
என்னால் முடியவில்லை. முதலில் டாக்டரிடம் சொன்னேன். "இதை நேத்தே சொல்லக் கூடாதாம்மா?" என்று உள்ளே ஓடினார். பிறகு டிரைவரின் மனைவியிடம். "ஈரத்தோட கட்டிக் கொடுத்தது நான்தான். தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

அவள் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 20
தம்பி பேசுவதில்லை. போன் அடித்தாலே ஆஸ்பத்திரியிலிருந்துதானோ என்று ஓடுகிறேன். அந்த ஆள் செத்துப்போனால் நான் — எழுத முடியவில்லை.

மார்ச் 23
காலை பத்து மணிக்கு ஒரு புது நம்பர். அவள்தான்.

"இன்னைக்கு எழுந்து உக்காந்தார். ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் யாரென்று கேட்டார். ஓசையடங்கிய போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.