பகா எண்ணா, முதன்மை எண்ணா

இன்று காலை மகள் தன் புதுக் கைத்தொலைபேசியோடு வந்து வைஃபை கடவுச்சொல் கேட்டாள். 73939133 என்றேன். சொன்ன கணமே, நண்பா, உன்மீது கோபம் வந்தது. ஆகவே முறைப்பாடுகளை ஒழுங்காகப் பதிவு செய்கிறேன்.

1. சென்ற ஆண்டு, கண்டிப் பெரஹரா திருவிழா வாரம்: என் வீட்டு வைஃபை கடவுச்சொல்லை என் அனுமதியின்றி இந்த எட்டு இலக்கங்களாக மாற்றினாய்.

2. அதே ஆண்டு, ஐப்பசி: மாணவருக்காக நாம் சேர்ந்து எழுதிய கணித நூலில் ஓர் அத்தியாயத்தைத் தலைப்பின்றி நிறுத்தினாய். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணை நான் 'முதன்மை எண்' என்றேன். நீ 'பகா எண்' என்றாய்.

3. இவ்வாண்டு, தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம்: விவாதம் முடியுமுன் இறந்துபோனாய். மூன்றிலும் மிக மரியாதையற்ற செயல் இதுவே.

அந்த ஐப்பசி மழையில் உன் ஊரான புசல்லாவைக்குப் பேருந்தில் போனோம். ஆவி படிந்த கண்ணாடியில் அந்த எட்டு இலக்கங்களையும் விரலால் எழுதினாய். வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாய். 7393913. 739391. 73939. எதுவும் வேறு எதனாலும் வகுபடவில்லை. இறுதியில் ஏழு மட்டும் நின்றது, அதுவும் பிடிகொடுக்கவில்லை. இந்தக் குணமுள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது என்று, நீயே பெற்றெடுத்ததுபோல் பெருமைப்பட்டாய்.

"முதன்மைன்னா பிரதம விருந்தினர் மாதிரி இருக்கு மச்சான். மாலை போடணும். பகான்னு சொல்லிப் பாரு, குணமே பேருல இருக்கு."

"பரீட்சைத் தாளில் முதன்மை எண் என்றுதான் வரும். உன் குணத்துக்கு யார் புள்ளி போடுவது?"

நடத்துநர் எட்டிப் பார்த்தார். "சேர், தொடைக்கிறதுன்னா முழுசா தொடைங்க. அந்த ஏழு என்னா பாவம் செஞ்சிச்சி?"

பேருந்தே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போது சிரிக்கிறேன்; அதற்கும் நீயே பொறுப்பு.

மார்கழியில் கண்டி வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தாய். டொக்டர் முதலில் சீனியை நிறுத்தினார், பிறகு உப்பை, பிறகு வலது கால்விரல் ஒன்றையும் எடுத்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயோ, "வலப்பக்கத்திலிருந்துதானே எடுக்கிறாங்க மச்சான், முறைப்படிதான் போகுது. நான் இன்னும் பகாதான்" என்றாய். தாதி ஓடிவந்து அதட்டும்வரை இருவரும் சிரித்தோம்.

அந்தச் சொல்லை அதன்பின் என்னால் வேறுவிதமாகக் கேட்க முடியவில்லை. முதன்மை என்பது வரிசையில் ஓர் இடம். பகா என்பது, எடுக்க எடுக்க எஞ்சி நிற்பது.

நூல் அச்சுக்குப் போகிறது. அத்தியாயத் தலைப்பு: பகா எண். பரீட்சையில் 'முதன்மை எண்' எனவே எழுதவேண்டும் என்ற எச்சரிக்கை முதல் வரியிலேயே உண்டு. அதை நீ அழிக்க முடியாது. கடவுச்சொல்லையும் நான் மாற்றப்போவதில்லை.

ஆட்சேபனை இருப்பின் வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் எழுத்து மூலம் அறிவி. வழக்கம்போல் சிரித்துவிட்டுப் போவதைப் பதிலாக ஏற்கமாட்டேன்.