நான் நிமிர்ந்து பார்த்தது எங்கே?

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
9 அக்டோபர் 1966, ஞாயிறு

அன்புள்ள மகன் டெஸ்மண்டுக்கு அப்பா எழுதுவது. சேசு மரி சூசை துணையால் இங்கே நான், உன் அம்மா, உன் தங்கச்சி டோரீன் மூன்று பேரும் உடம்பளவில் நல்ல சுகம், லண்டன் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். மனசளவில் நான் சுகமில்லை, உச்சந்தலை வரைக்கும் கோபம், ஆகையால் சுகம் விசாரிக்கிற பாகத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் கடுதாசி வியாழக்கிழமை வந்தது. அதைக் கடுதாசி என்று சொன்னால் தபால்காரன் சிரிப்பான், தந்தி கூட அதைவிட நீளமாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை, என் படத்தால் உங்களுக்குத் தலைகுனிவு, நான் தூரமாக இருப்பதே எல்லாருக்கும் நல்லது என்று எழுதியிருக்கிறாய். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? என்னைக் கேட்டாயா? உன் அம்மாவைக் கேட்டாயா? அவள் அதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், அன்றைக்குச் செய்த மீன்குழம்பில் உப்பே இல்லை, நானும் டோரீனும் அப்படியே சாப்பிட்டோம். ஆனால் என் கோபம் அது மட்டும் இல்லை, இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது, வரிசையாகச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது, வந்தபடி எழுதுகிறேன்.

உன் படத்தைக் கோயில் ஹாலில் போட்ட அன்று நடந்ததை உன் மெட்ராஸ் சிநேகிதன் எழுதினான் என்றாய். அவன் பாதிதான் எழுதியிருப்பான், மீதி அவனுக்குத் தெரியாது. நம்ம பங்குக் கோயில் பையன் இங்கே எடுத்து, லண்டனுக்குக் கொண்டுபோய் வெட்டி ஒட்டின படம் என்று ஹால் கமிட்டி செகரெட்டரி ரெமிஜியஸ்தான் சந்தோஷத்தில் குதித்தான், நான் அவனைவிட அதிகமாகக் குதித்தேன், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி வீடுவீடாகப் போய் அழைத்தேன், கோட்டு போட்டுக்கொண்டேன். கதை என்ன என்று டோரீன் கேட்டதற்கு, பள்ளிக்கூடக் கடைசி வருஷத்துப் பையன் ஒருத்தனைப் பற்றி, நானும் அதில் நடித்திருக்கிறேன் என்று பெரிய தோரணையாகச் சொன்னேன். அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்? போன வருஷம் நீ லீவில் வந்து எடுத்தபோது என்னைக் கூரைமேல் ஏற்றிப் பூவாளியில் மழை பெய்யச் சொன்னாய், பெய்தேன். மேலேயிருந்து பார்த்தால் கீழே இரண்டு ஈரத்தலை, வேறொன்றும் தெரியாது. முழங்கால் இன்னும் வலிக்கிறது.

ஹாலில் என் உத்தியோகம் உனக்கு மறந்திருக்காது. இங்கிலீஷ் படம் போடும்போதெல்லாம் மிஷின் பக்கத்தில் நின்று, முத்தம் வருகிற இடம் பார்த்து லென்சுக்கு முன்னால் தொப்பியைப் பிடிக்கிறவன் நான், ஊரில் பாதிப் பேருக்கு நான் தொப்பி சில்வெஸ்டர். அன்றைக்கும் பழக்கத்தில் அங்கேதான் நின்றேன். படத்தில் அந்தப் பையனும் அவன் சிநேகிதனும் நனைந்துகொண்டு ஓடிவந்து கோயில் படியில் ஒதுங்கினார்கள், இவன் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டப் போனான், போனவன் நின்றுவிட்டான், இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இத்தனை வருஷத்தில், படத்தில் இரண்டு பேர் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டால் அடுத்து என்ன வரும் என்று என் கைக்குத் தெரியும். என்னைக் கேட்காமலே கை போய்விட்டது. ஹால் இருட்டாகிவிட்டது, மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது, நான் பெய்த மழை. முன்வரிசைப் பிள்ளைகள் வழக்கம்போல தொப்பி தொப்பி என்று கத்தினார்கள், பின்னால் யாரோ விசில், பெண்கள் பக்கம் குசுகுசு. நான் தொப்பியை எடுத்தபோது படத்தில் ராத்திரியாகிவிட்டது, நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, அந்த இடத்தில் என்னதான் இருந்தது என்று கேட்டாள். தெரியாது பிரிஜெட், நான்தானே மூடினேன் என்றேன். உலகத்தில் இப்படிப் பதில் சொன்ன புருஷன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஆனால் டவுனுக்கெல்லாம் தெரிந்திருந்தது! மறுநாள் பூசை முடிவதற்குள் ஆளுக்கொன்று பார்த்திருந்தார்கள். டோரீன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தி அன்று ஹாலுக்கு வரவேயில்லை, அவளும் பார்த்திருந்தாள். டோரீன் அவளைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது, சிஸ்டர் கூப்பிட்டுக் கண்டித்தார்களாம். நம்ம பால்காரன் முனிராஜுக்கு மட்டும் வேறே கோபம், தன் எருமையை இத்தனூண்டு காட்டிவிட்டாய் என்று, யாக்கே சாமி, ஏன், அது அழகா இல்லையா என்று தினமும் கேட்கிறான், நீயே வந்து பதில் சொல்லிக்கொள்.

அதற்கு மறுநாள் திங்கட்கிழமை மிஷின்கார அலெக்சாண்டரைப் பிடித்து, படப்பெட்டி மெட்ராஸ் போவதற்குள் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். காலி ஹால், ஜன்னலையெல்லாம் சாத்தி நானும் உன் அம்மாவும் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தோம், தொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மூடின இடத்தில் என்ன இருந்தது தெரியுமா, உனக்குத் தெரியும், எடுத்தவன் நீதானே. ஒன்றுமில்லை. தலையைத் துவட்டிவிடுகிறான், அவ்வளவுதான். சிநேகிதனை அவன் அம்மா கூப்பிடுகிறாள், துண்டைக் கொடுத்துவிட்டுப் போகிறான், இவன் அந்த ஈரத்துண்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். முத்தமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. நான் மூடாமல் இருந்தால் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள். உன் அம்மா என் பக்கம் திரும்பாமலே, இது நம்ம டெஸ்மண்டுதானே என்றாள். இல்லையடி, மூலைவீட்டு மேஸ்திரி மகன், நடிக்கிறான் என்றேன். அது எனக்குத் தெரியும் என்றாள்.

எனக்குப் புரிந்ததா என்று கேட்டால் பாதி புரிந்தது, புரிந்த பாதி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. இது சரியா தப்பா என்று உனக்கு எழுதுகிற அளவுக்கு நான் படித்தவனில்லை. ஞானோபதேசப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பெரிய சுவாமியார் வழியில் நிறுத்தி, பையன் வந்தால் என்னைப் பார்க்கச் சொல்லு சில்வெஸ்டர் என்றார், முதலில் அவன் வரட்டும் சாமி என்றேன். பதினாறு வயசில் அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு இதே வீட்டில் நடமாடியிருக்கிறாய், எங்களோடு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறாய், இப்போது வெள்ளைக்காரன் தேசத்துக்குப் போய் அதை ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுச் சொல்கிறாய், எனக்குச் சொல்லவில்லை, அதுதான் கொதிக்கிறது.

ரெமிஜியஸ் கதையையும் கேள். என் மகன் செய்தது அவமானம், நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று இந்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து ஹால் படியில் நின்று நான் சொல்லவேண்டுமாம், கமிட்டித் தீர்மானமாம். நீ என்னத்தைப் பார்த்தாய் என்று கேட்டேன். எல்லாரும்தான் பார்த்தோம் என்றான். எல்லாரும் பார்த்தது என் தொப்பியைத்தானடா, அதற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அப்படியானால் மிஷின் பக்கத்தில் இனி உங்களுக்கு வேலையில்லை என்றான். தொப்பியைக் கழற்றி அவன் தலையிலேயே வைத்தேன், புருவம் வரைக்கும் இறங்கிவிட்டது, இனிமேல் நீயே மூடிக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்குத்தான் அந்த ஞாயிறு. வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்டோம், உன் அம்மா அந்த நீலப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டாள், வெளியே ஹால் படியில் கூட்டம் காத்திருந்தது, நான் எல்லாருக்கும் குட்மார்னிங் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவந்து இதை எழுதுகிறேன். ஆகையால் தலைகுனிவு என்று இனி எழுதாதே, என் கழுத்து நேராகத்தான் இருக்கிறது.

இப்போது பெரிய கோபத்துக்கு வருகிறேன். அந்தப் பையன் ஈரத்தோடு வீட்டுக்கு வந்து அப்பன் நாற்காலிப் பக்கத்தில் நிற்கிறான், ஏதோ சொல்ல வாயெடுக்கிறான், அப்பன் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கதவைச் சாத்து என்கிறான், பையன் சாத்திவிட்டுப் போய்விடுகிறான், படம் முடிந்தது. அந்த அப்பன் நான். டேய், எடுத்த அன்றைக்கு என்ன நடந்தது, யோசித்துப் பார். அவன் பக்கத்தில் வந்து நின்றதும் நான் நிமிர்ந்து, என்னடா கண்ணு, இப்படி நனைஞ்சிருக்கே என்று கேட்டேன். நீ கையை ஆட்டி நிறுத்தினாய். மறுபடி எடுத்தாய், மறுபடியும் நிமிர்ந்துவிட்டேன், பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் கழுத்து தானாகத் திரும்புகிறது, நான் என்ன செய்ய. அப்பா, நிமிரவே கூடாது, படச்சுருள் வீணாகிறது என்று கத்தினாய். அதற்குப் பயந்து குனிந்தபடியே சொல்லித் தொலைத்தேன். அதை மட்டும் வைத்துக்கொண்டாய். இன்றைக்கு டவுனே என்னைப் பிள்ளை முகம் பாராத அப்பன் என்று பார்த்துவிட்டது, மெட்ராஸ் பார்க்கும், லண்டன் பார்க்கும். நான் நிமிர்ந்து பார்த்தது எங்கே? வெட்டின துண்டு உன் அறையில் ஏதாவது மூலையில் கிடக்கும், தேடி எடுத்து ஒரு தடவையாவது பார்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய். கேட்கவில்லை, சொல்கிறேன். கப்பல் டிக்கெட்டுக்கு இப்போதே எழுதிப் போடு, பிந்தினால் கிடைக்காது என்கிறார்கள். உன் அம்மா கல்கல் பலகாரம் செய்ய மாவு இடிக்கச் சொல்லிவிட்டாள். கழுத்தில் மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே, ராத்திரி செபத்தை விடாதே. சர்வேசுரன் உன்னைக் காப்பாராக, தேவமாதா உனக்குத் துணையாக இருக்கட்டும், உன் அம்மாவின் முத்தமும் டோரீனின் திட்டும் இதோடு வருகிறது. நாற்காலி அதே இடத்தில்தான் கிடக்கிறது, கையில் பேப்பரும் இருக்கும். வந்து பக்கத்தில் நில். நிமிரக் கூடாது என்று மட்டும் இந்தத் தடவை சொல்லாதே.

இன்னும் கோபம் ஆறாத உன் அப்பா,
சில்வெஸ்டர்