நீண்ட வணக்கம்

ஜப்பான்காரன் கணக்கில் 2603, நம் கணக்கில் 1943, ஆகஸ்ட் 9. காஜா பெராங், மலாக்கா.

சத்தியமாக எழுதுகிறேன், என் பேனாவே நம்பப்போவதில்லை. ஜப்பான் சிப்பாய்க்கு என்னைப் போல் நீண்ட வணக்கம் வைத்தவன் மலாக்காவிலேயே கிடையாது. நான் குனிந்தால் நிழல் தெங்கேரா கடலைத் தொடும். சிப்பாய் மெய்மறந்து துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவான்.

பசாருக்குச் சாமான் வாங்க நடந்தால் பாதி வழியில் இடது கெண்டைக்காலை யாரோ பிழிகிறார்கள். சற்று நின்றால் விட்டுவிடுகிறது. காவல் முனையில் சும்மா நின்றால் அறை விழும். குனிந்து நின்றால் மரியாதை. அதனால் வலி விடும்வரை குனிகிறேன்.

இன்று அக்கா மகள் ராஜம் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸரை அழைத்து வந்தாள். ஆறாத இடது கால்விரல் புண்ணைப் பார்த்தவர், பாதமெல்லாம் தடவித் தடவித் தேடினார்.

"என்னய்யா, புதையலா?" என்றேன்.

"நாடியைத் தேடுறேன் மாமா. வலது கால்ல துடிக்குது, இதுல இல்ல. ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. சுருட்டு பிடிக்கிறதை இன்னிக்கே விடுங்க."

"விடலைன்னா?"

"விரல் கருத்துருச்சு. மேல ஏறினா காலை எடுக்கணும். மயக்க மருந்துகூட இல்ல."

ராஜம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் போனதும் நானும் தேடினேன். பாதம் செத்த மீனாகச் சில்லிட்டிருந்தது.

நிழல் பொய். துப்பாக்கியும் பொய். வணக்கம் நீளமானது மட்டும் மெய். நாளை இன்னும் நீளும்.