உன் ஆண்டுப் பூசையில் என் முக்காடு

குளியலறையில் அந்த மருந்தின் நெடி இன்னும் போகவில்லை. பினாயில் ஊற்றிக் கழுவியாயிற்று, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்தாயிற்று. ஆனாலும் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறது. உடனே உன் நினைப்பு வருகிறது, முகம் சுடுகிறது. இதை உயிரோடு இருக்கும் யாரிடமும் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன் தலை நரைத்தபோது நீ அதை ஒரு நாள்கூட மறைக்கவில்லை. கழுத்தோடு வெட்டிக்கொண்டாய். நம் தெருப் பெண்கள் ஒரு வாரம் அதையே பேசினார்கள். பிறகு பேச்சு ஓய்ந்து, பார்வை மட்டும் மிச்சமிருந்தது. அந்த வெள்ளை முடியோடு, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வாயில் சேலையில் கடற்கரைச் சாலையில் நீ வரும்போது, சித்திரை வெயில் உனக்கு மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டதைப் போல இருக்கும். பக்கத்தில் நான். கஞ்சி போட்டு விறைத்த சேலை, முழங்கை வரை இறுகிய ரவிக்கை, சாயம் ஏற்றிய கறுப்புக் கொண்டை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகும் அந்தச் சாயத்தை நான் விடவில்லை.

"ஏளா, கஞ்சிச் சேலைக்குள்ள நீ இட்லி மாதிரி வேகுதியே" என்பாய்.

கான்வென்டில் ஒன்றாகப் படித்தவர்கள் நாம். 'ஏளா' என்று தெருப்பேச்சில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று கன்னியர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் கடைசிவரை திரும்பாமலே இருந்தேன், நீ கடைசிவரை அப்படியே கூப்பிட்டாய்.

வெயிலுக்கு உடுத்துவதில் நீ கறாரானவள். உள்பாவாடையும் பருத்தியாக இருக்க வேண்டும். ரவிக்கைக் கைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நிறம் வெளுத்திருக்க வேண்டும். கழுத்தில் ஒற்றை வடம் முத்து, அதோடு சரி. "வேர்வைக்கு வழி விடணும், அடைச்சு வச்சா மூஞ்சில வந்து நிக்கும்" என்பாய். இதெல்லாம் சோம்பேறிகளின் நியாயம் என்று நான் சொல்வேன். நீ சிரிப்பாய்.

உன் முதலாம் ஆண்டுப் பூசையில் வேத வாசகம் வாசிக்க என்னைக் கேட்டார்கள். மாதர் சபையில் நிறுத்தக்குறி பார்த்து வாசிக்கிறவள் நான்தானே. அன்றைக்கு உன்னைப் போலவே நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. வெள்ளை முடி, மெல்லிய சேலை. அது உனக்குச் செய்கிற மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சாயத்தை நிறுத்தி நரை தானாக வளர வேண்டுமென்றால் மாதக்கணக்கில் வேர் வெள்ளையும் நுனி கறுப்புமாக நாலு பேர் முன் நடமாட வேண்டும். அதற்கு எனக்குத் துணிவில்லை. பார்லருக்குப் போனால் சபை முழுவதும் தெரிந்துவிடும். கைபேசியில் பிளீச் பொட்டலம் வரவழைத்தேன். மருமகள் பேங்குக்குப் போன பிறகு பழைய குழம்புக் கிண்ணத்தில் கலந்தேன்.

பொட்டலத்தில் இருந்த ஆங்கிலத்தை ஓர் எழுத்து விடாமல் படித்தேன். தூத்துக்குடித் தண்ணீரைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அலசுவதற்குக் குழாயைத் திறந்தேன். நம் ஊர் போர் தண்ணீர் உனக்குத் தெரியும், சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளைப் படலம் விடும். பக்கத்திலேயே தொட்டி நிறைய நல்ல தண்ணீர் இருந்தது. அதைத் தலையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு நல்ல தண்ணீர் என்றால் குடிக்கத்தான். வருடக்கணக்கில் பூசிய சாயம், அதன்மேல் பிளீச், அதன்மேல் உப்புத் தண்ணீர். கறுப்பு போனது, வெள்ளை வரவில்லை. செம்பும் வைக்கோலும் கலந்த ஒரு நிறம் வந்தது. சீப்பை வைத்தேன். முடி தேங்காய்த் தும்பு போல முறுக்கிக்கொண்டு பொடிப்பொடியாக உடைந்து விழுந்தது.

மாலையில் மருமகள் கதவைத் தட்டினாள்.

"மாமி, தொறங்க. என்ன நாத்தம் இது?"

"சிரிக்கணும்னா சிரி" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.

"சிரிக்கல மாமி" என்றாள். தோள் குலுங்கியது. பிறகு கையால் ஒரு கற்றையைத் தொட்டுப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. "உப்புத் தண்ணியிலயா அலசுனிய?"

அவள் பக்கத்து ஊர், சாயர்புரத்துப் பெண். கையில்லாத ரவிக்கை போடக் கூடாதென்று இந்த வீட்டில் அவளுக்கு நான் சட்டம் போட்டிருந்தேன். அவள் என்னைக் குனியவைத்து, தொட்டியிலிருந்து நல்ல தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"குடிக்கிற தண்ணி!" என்று கத்தினேன்.

"தலையும் குடிக்கட்டும் மாமி."

அன்றிலிருந்து அவள் சொன்னபடிதான். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட வேண்டும். ஷாம்பூ எப்போதாவது, கண்டிஷனர் ஒவ்வொரு முறையும். ஈரத்தலையைத் துண்டால் தேய்க்காமல் பழைய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே போக வேண்டும். உடைந்த நுனிகளை அவளே வெட்டிவிட்டாள். கொண்டை போயிற்று, தோளுக்கு மேல் நின்றது. "போனது போனதுதான் மாமி. இது ஒட்டாது. வளர்றத நல்லா வளர விடுவோம்" என்றாள். முடி கொஞ்சம் படிந்தது. நிறம் அப்படியேதான் இருந்தது.

பூசைக்கு அவளிடம் வெளுத்த நீலத்தில் ஒரு வாயில் சேலை வாங்கி உடுத்தினேன், கஞ்சியில்லாமல். நெற்றிவரை முக்காட்டை இழுத்து உள்ளே ஊக்கு குத்திக்கொண்டேன். வாசகம் பிழையில்லாமல் வாசித்தேன். கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு உன் வீட்டுக்கு வந்தோம்.

செபம் முடிந்ததும் எல்லாரும் முக்காட்டை எடுத்துவிட்டார்கள். பந்தி போட்டார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடித்தது, கடல் காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிற்று. உன் மகள் பரிமாறிக்கொண்டே என்னிடம் வந்தாள். பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். நீ இருந்தால் விட்டிருக்க மாட்டாய்.

"சித்தி, வேர்த்து ஊத்துது. முக்காட்ட எடுத்துட்டுச் சாப்பிடுங்க."

"இருக்கட்டும். இன்னைக்கு அம்மா நாள்" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. கரண்டியை வைத்துவிட்டுத் தன் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். உன் நாத்தனார் ரோஸ்லின் எதிர் வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள்: "அவ எடுக்கலன்னா ஏதோ முறை இருக்கும்ளா. நமக்குத்தான் தெரியல. மூடுங்க எல்லாரும்!"

வரிசை முழுவதும் தலைகள் மூடின. லேஞ்சித் துணியை எடுத்து முகம் துடைத்துக்கொண்டே, ஒருவரும் மறுபேச்சுப் பேசாமல், சோற்றைப் பிசைந்தார்கள். இதுதான் நான் இத்தனை வருடம் இந்த ஊரில் சம்பாதித்த பெயர். நான் செய்தால் அதற்கு ஒரு சட்டம் இருக்கும்.

உன் மகள் பந்தியைச் சுற்றி வந்தாள். பட்டு, அதன்மேல் முக்காடு. முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளிறியது. மோர்ச் செம்போடு ரோஸ்லினிடம் குனிந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். செம்பு சரிந்து மோர் இலையெல்லாம் ஓடியது.

நான் எழுந்தேன். ஊக்கைக் கழற்றினேன். "முறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் தலைய மறைக்கத்தான் போட்டேன்" என்று சொல்லி முக்காட்டை இழுத்தேன்.

எல்லாரும் பார்த்தார்கள். யாரோ விசிறியை நிறுத்தினார்கள்.

"யம்மா!" என்றாள் ரோஸ்லின். "ஹார்பர்ல கப்பல விட்டு எறங்குன வெள்ளக்காரி மாதிரில்லா இருக்கா!"

பந்தியே சிரித்தது. உன் மகள் சுவரோரம் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, உன்னைப் போலவே சத்தமில்லாமல் தொடங்கிக் கடைசியில் வீடு அதிரச் சிரித்தாள். நீ போனதிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லையாம். அவள் முக்காட்டை நானே எடுத்துவிட்டு, லேஞ்சியை நனைத்துக் கழுத்தைத் துடைத்தேன். என் தலையைத் தொட்டுப் பார்த்து, "அம்மா பாத்திருக்கணும் சித்தி" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மருமகள், "நல்லா பண்ணுனிய மாமி" என்றாள். முடியைப் பற்றிய வெட்கம் ரோஸ்லினின் ஒரு பேச்சில் போய்விட்டது. போகாதது வேறொன்று. அத்தனை பெண்களும் என்னைப் பார்த்துத் தலையை மூடிய அந்தக் கொஞ்ச நேரம், வேர்வையில் நனைந்தபடி, உன் சோற்றைத் தின்றபடி, நான் சந்தோஷமாக இருந்தேன். உன் மகள் சுவரைப் பிடிக்கும் வரை இருந்தேன். அதை அங்கே யாரும் பார்க்கவில்லை. நீ இருந்திருந்தால் எதிர் வரிசையிலிருந்து என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்து, 'ஏளா' என்று ஒரு அதட்டுப் போட்டிருப்பாய். இந்த முறை நான் திரும்பிப் பார்த்திருப்பேன்.